மறைக்காமல் விட்ட வரி

பிப்ரவரி 6

அண்ணா,

எங்களைக் காட்டிக்கொடுத்தது நீ.

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது, உனக்கே தெரியும். நாங்கள் நடத்திய வெப்சைட்டில் யார் பெயரும் கிடையாது. குடோனில் பெட்டி கட்டுகிறவர்களின் மணிக்கட்டு எப்படி வீங்குகிறது, கழிவறைக்குப் போனால் எப்படி நேரம் குறிக்கிறார்கள், பிரேக் சரியில்லாத ஃபோர்க்லிஃப்டைப் பற்றிப் புகார் சொன்னால் சொன்னவனையே எப்படி வேறு ஷிஃப்டுக்குத் தூக்கி அடிக்கிறார்கள், இதெல்லாம்தான் இருந்தது. எழுதிக் கொடுத்தவர்கள் பல பேர். நடத்தியது மூன்று பேர். நான், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மாமா, லேபிள் ஒட்டுகிற அக்கா. அந்த வெப்சைட்டின் பெயரை, அதாவது டொமைனை, வாங்கியது நான் என்பது எங்கள் மூன்று பேரை விட்டால் உனக்கு மட்டும்தான் தெரியும். என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொல்லவில்லை. அவருக்குப் பொய் சொல்ல வராது, முகமே சொல்லிவிடும்.

உன்னிடம் ஏன் சொன்னேன்? டொமைன் பதிவு செய்கிற ஆபீஸில் பெரிய வேலையில் இருக்கிறாய். பெயர் வெளியே தெரியாமல் எப்படி வாங்குவது என்று உன்னைக் கேட்காமல் யாரைக் கேட்பேன்? "மறைக்கவும்னு ஒரு கட்டம் இருக்கும், அதை டிக் பண்ணிடு. பேரு, விலாசம், போனு எதுவும் வெளிய தெரியாது. கடவுளுக்கே தெரியாது" என்று சொன்னாய். சிரித்துக்கொண்டே சொன்னாய். அந்தச் சிரிப்பை இப்போது வேறு மாதிரி நினைத்துப் பார்க்கிறேன்.

முதலில் மாமாவையும் லேபிள் அக்காவையும் வேலையை விட்டு அனுப்பினார்கள். என்னை ஒரு வாரம் விட்டுவைத்துவிட்டு அப்புறம் அனுப்பினார்கள். அந்த ஒரு வாரத்தை வேண்டுமென்றேதான் எனக்குக் கொடுத்தார்கள் என்று இப்போது புரிகிறது. அதற்குள் சூப்பர்வைசர் கேன்டீனில் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "உங்க கூட்டத்துல ஒருத்திதான் வந்து சொன்னா" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டான். அது போதுமானதாக இருந்தது. மாமா என் போனை எடுப்பதில்லை. லேபிள் அக்கா என்னைத் தெருவில் பார்த்தால் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொள்கிறாள். அவர்களைத் தப்பு சொல்ல மாட்டேன். நான் அவர்கள் இடத்தில் இருந்தால் என்னைத்தான் சந்தேகப்படுவேன்.

போனில் கூப்பிடாதே. போனில் நீ பேச்சை மாற்றிவிடுவாய். மெயிலும் வேண்டாம், உன் மெயிலை யார் யார் படிக்கிறார்களோ எனக்குத் தெரியாது. காகிதத்தில் எழுது, உன் கையால்.

யாரிடம் சொன்னாய்?

தங்கை


பிப்ரவரி 14

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை அண்ணிதான் கொண்டுவந்து கொடுத்தாள். "உங்க தங்கச்சி கடுதாசி போட்டிருக்கா, யாருக்காவது உடம்பு சரியில்லையா" என்று பயந்துபோய்க் கேட்டாள். இந்தக் காலத்தில் கடிதம் வந்தால் அப்படித்தான் தோன்றும். ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ கோபத்தில் எழுதியிருக்கிறாய். நான் பதிலுக்குக் கோபப்படப் போவதில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. மேலதிகாரியிடம் இல்லை, அண்ணியிடம்கூட இல்லை. உண்மையைச் சொன்னால் உன் வெப்சைட்டை நான் முழுதாகப் படித்ததே கிடையாது.

உன் கடிதம் வந்த அன்றே சோதித்துப் பார்த்தேன். எந்த டொமைன் யாருடையது என்று வெளி ஆட்கள் தேடிப் பார்க்கிற பொதுப் பக்கத்தில்தான் பார்த்தேன், உள்ளே புகுந்து பார்க்கவில்லை. உன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "மறைக்கப்பட்டது" என்று இருக்கிறது. விலாசத்திலும் அப்படியே. போனிலும் அப்படியே. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஆகவே விஷயம் எங்கள் பக்கத்திலிருந்து போகவில்லை.

வருத்தப்படாதே, ஒன்று கேட்கிறேன். நாலு பேர் சேர்ந்து சாப்பிடும்போது நீ வாயை அடக்கிக்கொண்டா இருப்பாய்? உன் வயிற்றில் என்றைக்கு ஒரு ரகசியம் தங்கியது? லேபிள் ஒட்டுகிற அந்த அம்மாவை எனக்குத் தெரியாது, உனக்கு எவ்வளவு தெரியும்? முதலில் போனவர்கள் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. அதனாலேயே ஒருவர் முதலில் போகலாம் அல்லவா?

எனக்கு இப்போது மூச்சு விட நேரமில்லை. டொமைன் விற்கிற கம்பெனிகளும் பதிவு செய்கிற ஆபீஸ்களும் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்று உலகத்துக்கே பொதுவாக ஒரு நெறிமுறை எழுதுகிற குழுவில் இருக்கிறேன் என்று சொன்னேன் இல்லையா, அதில் ஒரு பகுதிக்கு நான்தான் பொறுப்பு. முதல் பக்கத்தில் என் பெயர் வரப்போகிறது. அண்ணி அதை அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லிவிட்டாள். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது.

உனக்கு வேலைக்கு இரண்டு இடத்தில் சொல்லி வைக்கிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


பிப்ரவரி 20

அண்ணா,

பாப்பா என்று எழுதாதே. துரத்தப்பட்டவளுக்கு அந்தப் பெயர் பொருந்தவில்லை.

வெப்சைட்டை நீ படிக்கவே இல்லை என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் நம்புகிறேன்.

மற்றதை ஏன் நம்பவில்லை என்று சொல்கிறேன். எங்கள் குடோன் கம்பெனியின் வக்கீல் ஜனவரியில் உன் ஆபீஸுக்கு வந்தார். எங்கள் வெப்சைட் யாருடையது என்று கேட்கத்தான் வந்தார். எனக்குச் சொன்னது குடோன் வரவேற்பில் உட்காருகிற பெண். உன் ஆபீஸ் விலாசத்துக்கு டாக்ஸி கூப்பிட்டுக் கொடுத்ததே அவள்தான். உன் கடிதத்தில் இதைப் பற்றி ஓர் எழுத்து இல்லை. மூச்சு விட நேரமில்லாத ஆளுக்கு மறந்திருக்கும்.

இன்னொன்று. என்னை அனுப்பிய அன்று மேனேஜர் அறையில் எனக்கு நாற்காலி போடவில்லை. நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டேன். பேனாவைத் திரும்ப வாங்கி மூடியை மாட்டிக்கொண்டே மேனேஜர் கேட்டார்: "அப்புறம், ஜன்னல் திரை வியாபாரமெல்லாம் எப்படிப் போகுது? இனிமே முழு நேரமும் அதையே பாத்துக்கலாம் இல்ல." அறையில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள்.

என் வீட்டுக்காரர் திரை தைத்து விற்பது குடோனில் ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் இன்னொரு வருமானம் இருக்கிறது என்று தெரிந்தால் ஓவர்டைமில் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று நான் மூச்சே விட்டதில்லை. மாமாவுக்குத் தெரியாது. லேபிள் அக்காவுக்குத் தெரியாது. குடோன் வெப்சைட்டும் தெரிந்து, திரைக்கடையும் தெரிந்த ஆள் இந்த உலகத்தில் நீ ஒருத்தன்தான். திரைக்கடைக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்ததே நீதான். கல்யாணப் பரிசு என்று சொன்னாய்.

வக்கீலோடு என்ன பேசினாய்? நேராகப் பெயரைச் சொல்லியிருக்க மாட்டாய், உனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. பேச்சுவாக்கில் என் தங்கை வீட்டில் திரை தைக்கிறார்கள் என்று விட்டிருப்பாய். அவர் பிடித்துக்கொண்டிருப்பார். அப்படித்தானே?

தங்கை


பிப்ரவரி 26

தங்கைக்கு,

வக்கீல் வந்தது உண்மை. கோர்ட் உத்தரவு இல்லாமல் எதையும் தர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டோம். பேசியது சட்டப் பிரிவில் இருக்கிற ஆள். நான் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் பிரிண்டர் அருகில் நின்றுகொண்டிருந்தேன். உன்னிடம் சொல்லாததற்குக் காரணம், சொன்னால் இப்போது நினைக்கிற மாதிரித்தான் நினைப்பாய் என்பதுதான்.

அதை விடு. ஒரே ஒரு கேள்வி. நன்றாக யோசித்துப் பதில் எழுது. குடோன் வெப்சைட்டின் பெயரை எந்தக் கணக்கில் வாங்கினாய்? திரைக்கடைக்காக நான் திறந்து கொடுத்த அதே கணக்கிலா, அல்லது புதிதாக ஒன்று திறந்தாயா?

இதைப் பற்றி வேறு யாரிடமும் பேசாதே.

அண்ணன்


மார்ச் 4

அண்ணா,

அதே கணக்கு. நீ சொன்னதால் அதே கணக்கு. "புதுசா ஒண்ணு தொறந்தா மறுபடியும் அடையாள அட்டை கேப்பான், விலாசத்துக்குச் சான்று கேப்பான், இருக்கிறதுலயே வாங்கிடு" என்றாய். உன் ஞாபகத்திலிருந்து அது போயிருந்தாலும் என் ஞாபகத்திலிருந்து போகவில்லை.

உன் கடிதம் எனக்குப் பிடிக்கவில்லை. போலீஸ்காரர் மாதிரி ஒரு கேள்வி, அப்புறம் யாரிடமும் பேசாதே என்று ஒரு மிரட்டல். உனக்கு விடை ஏற்கெனவே தெரிந்துவிட்டது. தப்பு என்னுடையது என்று என் வாயாலேயே வரவைக்கப் பார்க்கிறாய்.

நேற்று கடையில் மாமாவின் மனைவியைப் பார்த்தேன். சோப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பெரிதாகச் சிரித்து, "உங்க அண்ணன் நல்லா இருக்காரா" என்று கேட்டாள். இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவள் உன்னைப் பற்றிக் கேட்டதில்லை. நல்லா இருக்கார் என்று சொன்னேன். "இருப்பாரு, அவருக்கென்ன" என்று சொல்லிவிட்டு, எடுத்த சோப்பைத் திரும்ப வைத்துவிட்டுச் சின்னதாக ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள்.

எதற்காகக் கேட்டாய்? கணக்கில் என்ன இருக்கிறது?

தங்கை


மார்ச் 11

தங்கைக்கு,

சொல்லிவிடுகிறேன். பொறுமையாகப் படி.

டொமைன் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் எங்கள் கம்ப்யூட்டரில் ஓர் ஐடி உண்டு. முதலில் விற்ற கம்பெனியின் சுருக்கப் பெயர், பிறகு ஓர் எண், ஒரு சின்னக் கோடு, கடைசியில் எங்கள் ஆபீஸைக் குறிக்கிற எழுத்துகள். ஒருவர் எத்தனை டொமைன் வாங்கினாலும் அவருக்கு ஒரே ஐடிதான். வீடு மாறினால் ஒரே இடத்தில் விலாசத்தை மாற்றினால் போதும். குறையைச் சொல்லிப் போன் செய்கிறவர்களும் சுலபமாகப் படித்துச் சொல்லலாம். எல்லாம் யோசித்துத்தான் அப்படி வைத்தோம்.

மறைக்கவும் என்று டிக் செய்தால் பெயர், விலாசம், போன் மூன்றும் மறையும். ஐடி மறையாது. அது ஆளின் விவரம் இல்லை, வெறும் எண், அதனால் அதை மறைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

குடோன் வெப்சைட்டின் விவரப் பக்கத்தில் எல்லாம் மறைந்திருக்கிறது, அந்த ஒரு வரியைத் தவிர. திரைக்கடையின் பக்கத்தில் எதையும் மறைக்கவில்லை, கடைக்கு ஆள் வர வேண்டுமே. உன் பெயர், வீட்டு விலாசம், போன் எல்லாம் இருக்கிறது. அங்கேயும் அதே ஐடி. ஐடிகளை எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒன்றைக் கொடுத்தால் அது எங்கெங்கே வருகிறது என்று சொல்லிப் பிழைக்கிற கம்பெனிகள் இருக்கின்றன. வக்கீல் எங்களிடமிருந்து வெறும் கையோடு போய் அங்கே கேட்டிருப்பார். என் ஊகம்தான். ஆனால் மேனேஜர் வாயில் திரை என்ற வார்த்தை வருவதற்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை. நீ கிடைத்த பிறகு, நீ யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று கேமராவில் பார்த்திருப்பார்கள். மற்ற இருவரும் கிடைத்திருப்பார்கள்.

ஆக, யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் இல்லை, நீயும் இல்லை. லேபிள் ஒட்டுகிற அந்த அம்மாவைப் பற்றி நான் எழுதியதை மறந்துவிடு. இதைப் படித்தால் உனக்கு மனம் ஆறும் என்று நம்புகிறேன்.

அண்ணன்


மார்ச் 17

அண்ணா,

ஆறவில்லை.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து உள்ளே விட்டார், அதுவே பெரிய விஷயம். தண்ணீர் தரவில்லை. முழுவதும் படித்துக் காட்டினேன். முடிந்ததும் கேட்டார்: "ஆபீசு உங்க அண்ணனோடது. காரணமும் உங்க அண்ணன் சொன்னது. அதையும் உனக்குத் தனியா தபால்ல எழுதியிருக்காரு. நான் எதை வச்சு நம்புறது?" கடிதத்தை மடித்துக்கொண்டு எழுந்தேன். வாசல் வரைக்கும் வந்தவர் சொன்னார்: "நாலு பேர் பாக்கிற இடத்துல, அவர் பேரைப் போட்டு, இப்படித்தான் நடந்ததுன்னு சொல்லட்டும். அன்னிக்கு உன் வீட்டுல வந்து நானே காபி கேட்டு வாங்கிக் குடிக்கிறேன்."

நாலு பேர் பார்க்கிற இடம் எது என்று யோசித்தேன். உங்கள் குழுவில் பேசுவதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று நீ ஒரு தடவை பெருமையாகச் சொன்னது ஞாபகம் வந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். பாதி புரியவில்லை. புரிந்த பாதி போதும்.

"மறைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை" என்று எனக்கு எழுதியிருக்கிறாய். பொய். அங்கே ஒரு பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது. ஒவ்வொரு டொமைனுக்கும் புதிதாக, வேறெங்கும் வராத, அர்த்தமில்லாத ஓர் ஐடி கொடுங்கள், இல்லாவிட்டால் பயந்து மறைந்திருக்கிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள் என்று மூன்று தடவை எழுதியிருக்கிறாள். மூன்று தடவையும் பதில் சொன்னது நீ. மூன்றாவது பதில் ஒரே வரி. "எண் என்பது ஆள் இல்லை."

நான்தான் அந்த எண், அண்ணா. மாமாவும்தான்.

இன்னொன்றும் புரிந்தது. இதுவரைக்கும் உன் ஆபீஸ் மட்டும் இப்படி வைத்திருந்தது. உன் பகுதி நிறைவேறினால் எல்லா ஊரிலும் எல்லா ஆபீஸும் இப்படித்தான் வைக்க வேண்டும். ஆட்சேபம் சொல்ல ஏப்ரல் முப்பது கடைசி. எனக்கு எழுதியதை அங்கே எழுது. உன் பெயரைப் போட்டு எழுது.

தங்கை


மார்ச் 27

தங்கைக்கு,

எண் என்பது ஆள் இல்லை என்று நான் சொன்னதைத் தனியே பிய்த்து எடுத்துப் படிக்கக் கூடாது. அதற்கு முன்னும் பின்னும் நிறையப் பேச்சு நடந்திருக்கிறது.

ஒவ்வொரு டொமைனுக்கும் புது ஐடி என்றால் விற்கிற கம்பெனிகள் எல்லாம் மென்பொருளை மாற்றி எழுத வேண்டும். ஒரு கம்பெனியும் ஒப்புக்கொள்ளாது. பெரிய கம்பெனிகளின் வக்கீல்கள் சார்பிலும் குழுவில் ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் வைத்திருக்கிற எல்லா டொமைனையும் ஒரே தட்டில் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கேட்டு வாங்கிய விஷயம். இவர்களையெல்லாம் ஒரு மேசையில் உட்கார வைக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. என் பகுதிக்கு நானே ஆட்சேபம் எழுதினால் என்னைப் பைத்தியம் என்பார்கள். தங்கைக்காக எழுதினான் என்று தெரிந்தால் பைத்தியம் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், வேறு பெயர் வைப்பார்கள். உன் கதை கோர்ட்டுக்குப் போனால் என் ஆபீஸ் என்னை முதலில் கைவிடும்.

நான் ஒன்றும் செய்ய மாட்டேன் என்று சொல்லவில்லை. இது நிறைவேறட்டும். அடுத்த பதிப்பில், தேவைப்படும் இடங்களில் வேறு ஐடி கொடுப்பது நல்லது என்று ஒரு பரிந்துரை சேர்க்கிறேன். கட்டாயம் என்று போட முடியாது, பரிந்துரை என்று போடலாம்.

உன் மாமாவுக்கும் ஒரு கடிதம் எழுதித் தருகிறேன். நடந்ததை அப்படியே விளக்கமாக எழுதுகிறேன். என் பெயரும் ஆபீஸ் பெயரும் மட்டும் அதில் வேண்டாம். விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார் என்று இருக்கட்டும்.

அண்ணன்


ஏப்ரல் 9

தங்கைக்கு,

நீ செய்தது அசிங்கமான வேலை.

நேற்று குழுவுக்கு ஓர் ஆட்சேபம் வந்திருக்கிறது. எழுதியவர் பெயர் இல்லை. எங்கேயோ பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாம். ஒரே ஐடி வைப்பதால் அப்பாவிகள் மாட்டிக்கொள்கிறார்களாம். ஒரு குடோனில் மூன்று பேருக்கு வேலை போனதாம். ஆசிரியைக்குக் குடோனில் என்ன வேலை என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தாய் போலிருக்கிறது.

அந்த மெயில் விலாசத்தில் இருக்கிற டொமைன் போன வாரம் வாங்கியது. பெயர், விலாசம், போன் எல்லாம் மறைத்திருந்தது. மறைத்துவிட்டால் எனக்குத் தெரியாதா? ஐடி வரியை எடுத்துத் தேடினேன். திரைக்கடை ஐடி. மேசையில் வைத்த காபி ஆறுவதற்குள் நீதான் என்று கண்டுபிடித்துவிட்டேன். இதைக் கண்டுபிடிக்க என் பதவிகூடத் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் செய்யலாம். என் மேலதிகாரி செய்யலாம். அந்த வக்கீல்களின் ஆட்கள் செய்யலாம். நீ என் தங்கை என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? முதுகில் குத்துகிறாய் என்று எழுதக் கை வருகிறது, எழுதாமல் விடுகிறேன்.

அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு இன்னொரு மெயில் அனுப்பு. என்னவோ தவறாகப் புரிந்துகொண்டேன் என்று போடு. உடனே செய்.

அண்ணன்


ஏப்ரல் 15

அண்ணா,

காபி ஆறுவதற்குள். இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் புதுக் கணக்கு திறக்கத் தெரியாது என்றா நினைத்தாய்? இவர் பெயரில் திறந்திருக்கலாம். இவருக்கு இப்போது எல்லாம் தெரியும், சொல்லிவிட்டேன். மூன்றாவது நாள் தையல் மிஷினை நிறுத்திவிட்டு, "உங்க அண்ணன் தேடுவாரா மாட்டாரா" என்று இவர்தான் கேட்டார். தேட மாட்டார், அவ்வளவு மோசம் இல்லை என்று இவரே சொன்னார், தேடுவான் என்று நான் சொன்னேன். சொல்லிவிட்டு அதே கணக்கில் அந்த டொமைனை வாங்கினேன். மறைக்கவும் என்று டிக் செய்தேன். ஆசிரியை என்று போட்டேன். நீ விட்டுவிட்டிருந்தால் நான் இவரிடம் தோற்றிருப்பேன். தோற்கத்தான் ஆசைப்பட்டேன்.

சின்ன வயதில் நான் இல்லாதபோது என் பென்சில் டப்பாவைத் திறந்து பார்ப்பாய். திறக்கவே இல்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்வாய். மூடி மட்டும் தலைகீழாக மாட்டியிருக்கும்.

பெயரை மறைத்துக்கொண்டு ஒருத்தி எழுதியிருக்கிறாள். அவள் சொல்வது சரியா தப்பா என்று நீ பார்க்கவில்லை. முதலில் அவள் யார் என்று பார்த்தாய். கம்பெனி வக்கீலும் அதைத்தான் செய்தார். அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், நீ சும்மாவே செய்தாய். நீ யாரிடமும் சொல்லவில்லை என்பதை இப்போது நம்புகிறேன். உனக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. சொல்லாமலே காட்டிக்கொடுக்கிற மாதிரி ஒன்றை எழுதி, முதல் பக்கத்தில் பெயர் போட்டுக்கொள்கிறாய்.

என் மெயிலைத் திரும்ப வாங்க மாட்டேன். நீயும் பெரிதாக ஒன்றும் புதிதாக எழுத வேண்டாம். ஏப்ரல் ஒன்பதாம் தேதி எனக்கு எழுதியதையே குழுவுக்கு எழுது. மறைத்திருந்தது, ஐடி வரியை எடுத்தேன், காபி ஆறுவதற்குள் கண்டுபிடித்தேன், யார் வேண்டுமானாலும் செய்யலாம். அவ்வளவுதான். முதுகில் குத்தியது வேண்டுமானால் இருக்கட்டும், எடுத்துவிட வேண்டாம்.

விவரம் தெரிந்த ஒருவர் என்று போடாதே. பெயரை மறைக்கிற உரிமை எங்களுக்கு இல்லையென்றால் உனக்கும் இல்லை.

தங்கை


ஏப்ரல் 25

அண்ணா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். நேற்று அண்ணி போன் செய்தாள். "அவர் சரியா சாப்பிடறதே இல்லம்மா. உன் கடுதாசி வந்த அன்னிக்கு பால்கனியில நின்னு படிச்சாரு. மடிச்சாரு, மறுபடியும் பிரிச்சாரு. என்ன எழுதினே?" என்று கேட்டாள். உங்களைப் பற்றி ஒன்றுமில்லை அண்ணி என்று சொன்னேன். "முதல் பக்கத்துல பேர் வரும்னாரே, அது வருமா வராதா" என்று கேட்டாள். அதை அவரிடமே கேளுங்கள் என்று வைத்துவிட்டேன். ஆக, கடிதம் உன் கையில் இருக்கிறது.

குழுவின் பக்கத்தைத் தினமும் திறந்து பார்க்கிறேன். அந்தப் பெண் நாலாவது தடவையாக எழுதியிருக்கிறாள், என் மெயிலைச் சுட்டிக்காட்டி. அதற்குக் கீழே ஒருவர், பெயர் தெரியாத ஆள் சொல்கிற கதையை எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறார். யாரும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லக்கூடியவன் நீ ஒருத்தன்தான், நீயும் சொல்லவில்லை.

லேபிள் அக்காவுக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, இன்னும் தூரம். மாமாவுக்குக் கிடைக்கவில்லை. பழைய இடத்தில் விசாரித்துவிட்டு எல்லோரும் வேண்டாம் என்கிறார்கள். முப்பதாம் தேதி சாயங்காலம் அவரை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்று சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வந்தால் இவர் துணி வெட்டுகிற மேசையில் உட்கார வைப்போம். போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். அவரே தேடட்டும். நான் காட்டினால் நம்ப மாட்டார்.

உன் பெயர் இருக்க வேண்டும். அதற்குக் கீழே, நீ என்னை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று நாலு வரி.

எழுது.

தங்கை